மூட்டை தூக்குகிறவரின் இதயத்துக்கு ஓய்வு கொடுப்பது எப்படி

உழைக்கிற உடம்புக்கு நெஞ்சுவலி வராது என்று எங்கள் மார்க்கெட்டில் நம்பாதவர்கள் குறைவு. நான் திருச்சியில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமொன்றில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் அப்பா வெங்காய மண்டியில் மூட்டை தூக்கியவர். தம்பி இன்றும் தூக்குகிறான். காந்தி மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சுமைப்பணித் தொழிலாளர்களுக்கு இப்போதும் போய் இரத்த அழுத்தம் பார்த்துக் கொடுக்கிறேன். கையில் பட்டையைச் சுற்றும்போதே, "எனக்கு எதற்கு அக்கா இது? ராத்திரி முழுக்க உடற்பயிற்சிதானே செய்கிறேன்" என்பார்கள். கருவி 160 காட்டினாலும் கருவியைத்தான் சந்தேகப்படுவார்கள்.

கை கால் உரமாக இருப்பது உண்மை. இதயத்தின் கணக்கு வேறு. பிழைப்பை விட்டுவிடச் சொல்ல எனக்கு உரிமையில்லை. விட்டால் சோறு யார் போடுவது? வேலையைச் செய்துகொண்டே இதயத்துக்கு வேண்டிய ஓய்வை அந்த வேலைக்குள்ளேயே எப்படி வைப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். சுமைப்பணியாளர்களை மனத்தில் வைத்து எழுதினாலும் கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர், மீன் கூடை சுமக்கிற பெண்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

வேலையும் உடற்பயிற்சியும் ஒன்றா?

உழைப்பு இதயத்தைக் காக்கும் என்ற எண்ணத்துக்கு அறிவியல் அடித்தளம் ஒன்றும் இருக்கிறது. 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். மாடி பஸ்ஸில் நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்திருந்தது. உடலசைவு இதயத்துக்கு நல்லது என்ற பாடம் உலகம் முழுக்கப் பரவியது அங்கிருந்துதான். ஆனால் கண்டக்டர் தோளில் 50 கிலோ மூட்டை இல்லை. ஏறினார், நின்றார், டிக்கெட் கொடுத்தார், இறங்கினார்.

பாரம் சுமக்கிறவர்களின் கதை வேறுவிதமாக வந்தது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்தை மையமாக வைத்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுமார் 10 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைந்தன. மிகக் கடுமையான உடலுழைப்பு வேலையில் இருந்தவர்களுக்கோ, உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்து 35 சதவீதம் கூடியது. புகை, வருமானம், படிப்பு போன்றவற்றின் பாதிப்பைக் கழித்துப் பார்த்த பிறகும் வந்த எண் இது. இந்தியா உட்பட 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்விலும் மிதமான உடலுழைப்பு மாரடைப்பைக் குறைத்தது. கடும் உழைப்பில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதற்கு மாறாக, கடும் உழைப்பு ஆண்களின் ஆயுளைக் கூட்டவே செய்கிறது என்று நார்வேயிலிருந்து ஓர் ஆய்வு அதே 2021-இல் வந்தது. மருத்துவர்களிடையே வாதம் நடக்கட்டும். "தூக்குகிறேன், அதனால் எனக்கு வராது" என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது என்பது மட்டும் இதில் தெளிவு. அதிலும் நம் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்று அதே இன்டர்ஹார்ட் காட்டியது.

காரணம் புரிந்துவிட்டால் செய்ய வேண்டியது தானாக விளங்கும். காலையில் அரை மணி நேரம் வேகமாக நடப்பவரின் நாடி ஏறும். நடை முடிந்ததும் இறங்கும். மீதி நாளெல்லாம் அவருடைய இதயம் முன்பைவிட மெதுவாகத் துடிக்கும். மூட்டை தூக்குகிறவரின் நாடி லோடு வந்த நிமிடத்தில் ஏறி, லாரி காலியாகும்வரை இறங்குவதில்லை. இதயத் தசைக்கு வேண்டிய இரத்தத்தில் பெரும்பங்கு, அது சுருங்கும்போது அல்ல, விரிந்து தளரும்போதுதான் அதன் சொந்தக் குழாய்களுக்குள் பாய்கிறது. நாடி வேகமாக ஆக ஆக, தளரும் அந்த இடைவெளிதான் குறுகிக்கொண்டே போகிறது. இதயம் அதிகமாக உழைக்கும் நேரத்தில் அதற்குக் கிடைக்கும் சாப்பாட்டு நேரம் குறைகிறது. குழாயில் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இதோடு மூச்சை அடக்கித் தூக்குவதால் எகிறும் இரத்த அழுத்தம், வெயில், தூக்கமின்மை, பீடி எல்லாம் சேர்கின்றன.

நாடியைக் கணக்குப் பாருங்கள்

மாத்திரை, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். செல்போனில் இருக்கும் கடிகாரம் போதும்.

ஒரு சுற்று பாரம் இறக்கி முடித்ததும் உட்காருங்கள். நின்றுகொண்டே பார்க்கக் கூடாது. இடது உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்பி, கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுக்கு வந்தால் எலும்புக்கும் நரம்புக்கும் நடுவே ஒரு பள்ளம் தட்டுப்படும். வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அங்கே மெல்ல வையுங்கள். அழுத்திப் பிடித்தால் துடிப்பு காணாமல் போகும். கட்டைவிரலை வைக்காதீர்கள், அதிலேயே ஒரு துடிப்பு உண்டு, கணக்கு குழம்பும். காய்ப்பு விழுந்த விரல்களுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. தம்பி ஆரம்பத்தில் "எனக்கு நாடியே இல்லை அக்கா" என்றான். அப்படிப்பட்டவர்கள் விரல் நுனியை விட்டுவிட்டு, நுனிக்குச் சற்றுக் கீழே உள்ள சதையை வைத்துப் பாருங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் இடது மார்பில் உள்ளங்கையை வைத்து எண்ணலாம்.

உட்கார்ந்த முதல் அரை நிமிடத்தை விட்டுவிடுங்கள். அடுத்த அரை நிமிடம் துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். இது முதல் எண். எழுந்திருக்காமல் அப்படியே இருங்கள். உட்கார்ந்து இரண்டரை நிமிடம் ஆனதும் மறுபடி அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். இது இரண்டாம் எண்.

முதல் எண் 110-க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் அடுத்த சுற்று வேலையை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள், ஓய்வைக் குறைக்காதீர்கள். அரை மணி நேரம் தூக்கினீர்கள் என்றால் அடுத்து இருபது நிமிடம்தான். இரண்டாம் எண் 90-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். 90-க்கு மேலேயே நிற்கிறது, முதல் எண்ணுக்கும் அதற்கும் 10 துடிப்பு வித்தியாசம்கூட இல்லை என்றால் உடம்பு சூடேறித் தவிக்கிறது என்று பொருள். அந்த நிலையில் இன்னொரு மூட்டைக்குத் தோள் கொடுக்காதீர்கள். நிழலில் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், முகம் கழுத்தெல்லாம் ஈரத் துண்டால் துடையுங்கள், எண் இறங்கும்வரை எழுந்திருக்காதீர்கள். வெப்பத்தில் வேலை செய்கிறவர்களுக்காகத் தொழில் மருத்துவர்கள் வகுத்த அளவுகள் இவை. நான் சொந்தமாகச் சொல்வதல்ல.

முழு வேலை நேரத்துக்கும் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். 220-இலிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். 45 வயதுக்காரருக்கு 175. காலையில் விழித்ததும் படுக்கையிலேயே எண்ணும்போது அவருக்கு 75 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருப்பது 100. அதில் 30 சதவீதத்தைப் படுக்கைத் துடிப்போடு கூட்டினால் 105. எட்டு மணி நேர வேலை முழுவதற்கும் சராசரியாக அவருடைய நாடி இதைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நடுநடுவே 140 போனாலும் பரவாயில்லை, நடுநடுவே 80-க்கும் வர வேண்டும்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி தானாகவே குறைவாக இருக்கும். அவர்கள் இந்த எண்களை நம்பி நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. மூச்சு வாங்குவதும் களைப்பும்தான் அவர்களுக்கு அளவுகோல்: பாரம் தூக்கும்போது ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பாரத்தை எப்படிப் பிரிப்பது

கூலி மூட்டைக் கணக்கில் வருவதால் லாரியைச் சீக்கிரம் காலி செய்யத்தான் எல்லோருக்கும் அவசரம். அப்பா காலத்து 100 கிலோ சாக்கு இன்று பெரும்பாலும் 50 கிலோவாகிவிட்டது, அது பெரிய நன்மை. ஓர் ஆள் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்திருக்கிறது. ஆனாலும் பாரம் பாதியானதும் இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தோளில் போடும் வழக்கம் இளவட்டங்களிடம் வந்துவிட்டது. மேஸ்திரிகள் இதை முளையிலேயே தடுக்க வேண்டும்.

குழுவில் ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்துவது எளிது, செலவும் இல்லை. லாரி மேல் நின்று மூட்டையைப் புரட்டித் தோளில் வைத்துவிடுகிறவர், சுமந்து நடக்கிறவர், மண்டிக்குள் அட்டி அடுக்குகிறவர் என்று மூன்று வேலை இருக்கிறது. அட்டி உயர உயர, தலைக்கு மேல் கையைத் தூக்கி அடுக்க வேண்டியிருக்கும். காலால் செய்யும் அதே அளவு வேலையைவிடக் கையை உயர்த்திச் செய்யும் வேலையில் இரத்த அழுத்தம் அதிகம் ஏறும். ஐம்பதைத் தாண்டியவர்களை மேல் அட்டிக்கு விடாதீர்கள். ஒரே ஆள் விடியும்வரை ஒரே இடத்தில் நிற்காமல், ஒவ்வொரு சுற்றுக்கும் இடம் மாறுங்கள். தார்ப்பாய் மூடிய லாரிக்குள் வேலை செய்கிறவருக்கு வெளியே இருப்பவரைவிட வெப்பம் அதிகம். அவருக்குத்தான் முதல் ஓய்வு. தரை சமமாக இருக்கும் இடத்திலெல்லாம் தள்ளுவண்டியைப் பயன்படுத்துங்கள். வண்டி தள்ளினால் ஆண்மை குறைந்துவிடாது.

மூச்சை அடக்கித் தூக்காதீர்கள். பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்துப் பாரத்தை எழுப்பும் அந்த நொடியில் இரத்த அழுத்தம் எவ்வளவு ஏறும் தெரியுமா? பளு தூக்கும் வீரர்களின் தமனிக்குள் கருவி வைத்து அளந்தபோது 300-ஐத் தாண்டியிருக்கிறது. மூட்டை எழும்போது வாயால் மூச்சை வெளியே விடுங்கள். அந்தக் காலத்தில் நான்கு பேர் சேர்ந்து பாரம் நகர்த்தும்போது "ஐலசா" என்று குரல் கொடுத்தார்களே, அது தாளத்துக்கு மட்டுமல்ல. குரல் எழுப்புகிறவர் மூச்சை அடக்க முடியாது. இன்றும் அப்படிக் கத்தித் தூக்கும் குழுக்கள் இருக்கின்றன. வெட்கப்படாமல் கத்துங்கள்.

லோடு வந்ததும் உட்கார்ந்திருந்த உடம்போடு எழுந்து முதல் மூட்டையையே ஓட்டமாகத் தூக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் நிதானம். பொங்கல் விடுமுறை முடிந்து வருகிறவர்கள், காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குப் பாதி வேலை மட்டும் செய்யுங்கள். காய்ச்சலோடு தூக்கவே வேண்டாம். கடும் காய்ச்சலை ஒட்டிய நாட்களில் மாரடைப்பு ஆபத்து கூடுகிறது. சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையே வீங்க வைக்கும்.

தண்ணீர், சாப்பாடு

வியர்வை வெளியேற வெளியேற இரத்தம் சுண்டும். சுண்டிய இரத்தத்தை அனுப்ப இதயம் இன்னும் வேகமாக அடிக்கும். தாகம் எடுத்த பிறகு ஒரு செம்பு தண்ணீரை மடமடவென்று குடிப்பதில் பயன் குறைவு. 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டர். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம். சிறுநீர் தேன் நிறத்தில் போனால் தண்ணீர் போதவில்லை. நீராகாரம், மோர், கம்பங்கூழ் எல்லாம் அருமையானவை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் ஒதுக்க வேண்டியது ஊறுகாய், கருவாடு, அப்பளம், பாக்கெட் மிக்சர். வியர்த்துக் கொட்டும் வேலைக்கு நடுவே மோரில் போடும் ஒரு சிட்டிகை உப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மேலே சொன்ன தண்ணீர் அளவு பொருந்தாது. மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றில் டீயும் பீடியுமாக விடியும்வரை ஓட்டிவிட்டு, காலையில் பரோட்டாவை வயிறு முட்டச் சாப்பிட்டு, மறுபடி தூக்கப் போவது எங்கள் மார்க்கெட்டின் வழக்கம். வயிறு நிறைந்ததும் இரத்தம் செரிமானத்துக்குப் போகிறது. இதயத்துக்கு அப்போதே கூடுதல் வேலை. அதற்கு மேல் பாரம் என்றால் குழாய் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலி வரும் நேரம் அதுதான். ஒரு பெரிய சாப்பாட்டைச் சுண்டல், கடலை, வாழைப்பழம், இட்லி என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய சாப்பாடு சாப்பிட்டால் ஒரு மணி நேரமாவது பாரத்தைத் தொடாதீர்கள்.

பீடி, வலி மாத்திரை, குவார்ட்டர்

பீடியில் இருக்கும் நிகோடின் நாடியையும் அழுத்தத்தையும் ஏற்றுகிறது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஓய்வு நேரத்தில் பீடி பற்றவைத்தால் அந்த ஓய்வு இதயத்துக்குப் போய்ச் சேருவதில்லை. இதை நாடி எண்ணியே நிரூபிக்கலாம்: ஒரு ஓய்வில் பீடியோடும் மறு ஓய்வில் பீடி இல்லாமலும் இரண்டாம் எண்ணைப் பாருங்கள். வாயில் அடக்கும் புகையிலையிலும் அதே நிகோடின்தான். ஒரேயடியாக விட முடியாவிட்டால், வேலை நேரத்தில் மட்டும் தொடுவதில்லை என்று ஆரம்பியுங்கள்; பிறகு அரசு மருத்துவமனையில் உதவி கேளுங்கள்.

வலி மாத்திரையைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் ஆபத்து என்றே நினைப்பதில்லை. உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் "ஒரு செட் மாத்திரை கொடுங்கள்" என்று கேட்டால், பேர் தெரியாத நான்கைந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள். போட்டால் அற்புதமாகக் கேட்கும். தினமும் வேலைக்கு முன் ஒரு செட் போடாமல் தோள் எழுவதில்லை என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்தக் காகிதத்தில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் இருக்கும். அதைத் தொடர்ந்து சாப்பிடுவது மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-லேயே எச்சரித்து, இதய நோயாளிகள் சாப்பிடக் கூடாது என்றது. அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். தண்ணீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்தைச் சாய்க்கும். சில செட்டுகளில் ஸ்டீராய்டும் இருக்கும். அது சர்க்கரையையும் அழுத்தத்தையும் சேர்த்து ஏற்றும்.

பேர் தெரியாத மாத்திரையைச் சாப்பிடாதீர்கள். அட்டையோடு வாங்குங்கள், பேரைப் படியுங்கள். வலிக்கு முதலில் வெந்நீர் ஒத்தடம், தைலம், ஒருநாள் ஓய்வு. மாத்திரை வேண்டியே வேண்டும் என்றால் பாராசிட்டமால், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். குடிக்கிற பழக்கம் இருந்தால் அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கலந்த செட் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தடுமாறும். நேரே மருத்துவரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள், அவர் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

குவார்ட்டர் உடம்பு வலியை மறக்கடிக்கும், தூக்கத்தைத் தரும் என்கிறார்கள். அது தரும் தூக்கம் ஆழமில்லாதது. மறுநாள் அழுத்தம் ஏறியிருக்கும், உடம்பில் நீர் வற்றியிருக்கும். சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கே தவறும்.

பகலில் தூங்குகிறவர்களுக்கு

பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயமும் மகாராஷ்டிரத்துப் பெரிய வெங்காயமும் இரவில்தான் வந்து இறங்குகின்றன. தூங்கும்போது இரத்த அழுத்தம் பத்து இருபது சதவீதம் இறங்க வேண்டும். இரவு விழித்திருப்பவர்களுக்கு அந்த இறக்கம் சரியாகக் கிடைப்பதில்லை. வீட்டுப் பெண்களுக்கு என் வேண்டுகோள்: இரவு வேலை முடிந்து காலையில் வருகிறவரை ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பாதீர்கள். ஜன்னலில் கறுப்புத் துணி, ஒரு மின்விசிறி, ஆறேழு மணி நேரத் தூக்கம். குறட்டை பலமாக இருந்து, நடுவே மூச்சு நின்று திணறி எழுந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது பிரஷரை ஏற்றும் தனி நோய்.

அப்படியென்றால் உழைப்பாளிக்கு உடற்பயிற்சி தேவையில்லையா என்று கேட்கிறார்கள். தேவைதான், ஆனால் ஜிம் வேண்டாம். தோளில் பாரமில்லாமல், கையை வீசிக்கொண்டு, பிடித்த ஆளோடு பேசிக்கொண்டு காவிரிக் கரையில் அரை மணி நேரம் நடந்தால் போதும். களைத்துக் கிடக்கும் நாளில் அதையும் விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

பிரஷர் பார்க்கும் முறை

பாரம் இறக்கிய கையோடு பார்த்தால் யாருக்கும் கூடத்தான் காட்டும். வேலைக்குப் போகும் முன், அரை மணி நேரம் டீ, பீடி தொடாமல், ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்த பிறகு, சட்டைக் கையை முழுதாக விலக்கி, கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது இரத்த அழுத்த நோய். 180/110-ஐத் தாண்டினால் அன்றைக்குப் பாரம் தூக்கக் கூடாது, அன்றே மருத்துவர்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். நீங்கள் பகலில் தூங்கும் நேரத்தில் வந்தால் மனைவியோ அம்மாவோ பேரைப் பதிந்து வைக்கட்டும். மாத்திரை ஆரம்பித்தபின் "இப்போது நன்றாக இருக்கிறது" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நன்றாக இருப்பது மாத்திரையால்தான். தூக்கும்போது தலைசுற்றினால் அளவை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், நீங்களாக விடாதீர்கள்.

வாயு என்று சொல்லாதீர்கள்

சுமை தூக்குகிறவருக்கு மார்பும் தோளும் வலிப்பது வழக்கம். அதனால்தான் இதய வலி அவர்களிடம் ஒளிந்துகொள்கிறது. தசைப்பிடிப்பு என்றால் வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடியும், அழுத்தினால் கூடும், கையைத் திருப்பினால், உடம்பை வளைத்தால் மாறும். இதய வலியைக் கேட்டால் உள்ளங்கையை நடு மார்பில் வைத்துக் காட்டுவார்கள். வலி என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். இறுக்கம், பாரம், எரிச்சல் என்பார்கள். தாடை, கழுத்து, இடது கை, இரண்டு தோள்களுக்கு நடுவே முதுகு, மேல்வயிறு என்று பரவும். குளிர்ந்த வியர்வை, குமட்டல், மூச்சுத் திணறல் கூட வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் திணறலும் சோர்வும் மட்டும் வரலாம். அழுத்தினால் வலிக்கிறது என்பதை மட்டும் வைத்து இதயமில்லை என்று முடிவுகட்டவும் கூடாது.

இதற்கும் முந்தைய எச்சரிக்கை ஒன்று உண்டு. லாரிக்குச் சாய்த்துப் போட்ட பலகையில் பாரத்தோடு ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது, இறக்கி வைத்து ஐந்து நிமிடம் நின்றால் விட்டுப்போகிறது, மறுபடி ஏறினால் மறுபடி வருகிறது. இது குழாய் சுருங்கியிருப்பதன் அடையாளம். முன்பு இருபது மூட்டைக்கு வந்தது இப்போது ஐந்து மூட்டைக்கே வருகிறது, சும்மா இருக்கும்போதும் வருகிறது என்றால் நாளை பார்க்கலாம் என்று வைக்காதீர்கள்.

இறுக்கம் வந்து ஓய்விலும் போகவில்லை என்றால், மார்க்கெட்டில் நடக்கும் முதல் காரியம் சோடா வாங்கிக் கொடுப்பது. பிறகு இஞ்சிச் சாறு, பிறகு முதுகில் தட்டுவது, பிறகு பைக்கில் நடுவே உட்கார வைத்து ஓட்டுவது. ஒன்றும் வேண்டாம். பாரத்தைக் கீழே போடச் சொல்லி, சுவரில் சாய்த்து உட்கார வையுங்கள். நடக்க விடாதீர்கள். 108-ஐ அழையுங்கள், இ.சி.ஜி. எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அடைபட்ட குழாய்க்குப் பின்னால் உள்ள தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கிறது. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அடைப்பைத் திறந்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைத்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் தாமதமாகும், நிலையம் அருகிலேயே இருக்கிறது என்றால் அங்கே முதல் மருந்தைப் பெற்றுவிடலாம். யாரோ கொடுத்தார்கள் என்று நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையைப் போடாதீர்கள். அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருந்தால் அது ஆளையே மயக்கிவிடும்.

ஆள் சுருண்டு விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் இல்லை அல்லது எப்போதாவது இழுத்து இழுத்து வருகிறது என்றால், மல்லாக்கப் படுக்க வைத்து, நடு மார்பில் இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். களைத்தால் ஆள் மாறுங்கள், நிறுத்தாதீர்கள். இதற்கு உங்களைவிடப் பொருத்தமான கைகள் யாருக்கு இருக்கின்றன?

காப்பீடும் வேலைக்குத் திரும்புவதும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை நோய் வரும் முன்பே எடுத்து வையுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும், அதில் இதயக் குழாய் அடைப்பு நீக்குவதும் உண்டு. உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா, பதிவு புதுப்பித்திருக்கிறதா என்று சங்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

அடைப்பை நீக்கி, குழாய் மூடாமலிருக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை உள்ளே வைத்து வீடு திரும்பியவரிடம் மருத்துவர், "கடினமான வேலை வேண்டாம்" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்புவார். மண்டியில் கடினமில்லாத வேலை எது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. நீங்கள்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டும்: ஒரு மூட்டை எத்தனை கிலோ, ஓர் இரவுக்கு எத்தனை மூட்டை, பலகையில் ஏற வேண்டுமா, வேலை எத்தனை மணிக்கு. கேட்டுவிட்டு டிரெட்மில் சோதனை செய்து பார்ப்பார். எப்போது, எவ்வளவு பாரம் வரை தொடலாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டை மேஸ்திரியிடம் கொடுங்கள். மேஸ்திரிகளே, லாரி எண்ணும் மூட்டைக் கணக்கும் எழுத ஒவ்வொரு குழுவிலும் ஓர் ஆள் தேவைதானே, அந்த நோட்டை அவர் கையில் கொடுத்து, குழுவில் அவருடைய பங்கையும் குறைக்காமல் கொடுங்கள்.